வால் வீசுற காரை நேராக்குறது எப்படி?
நண்பர்களே, ஓர் உதவி. போன ஞாயிறு கோவை கரி ஸ்பீட்வே ரேஸ் டிராக்ல என் பழைய ஸ்விஃப்டை ஓட்டினேன். வளைவு நடுவுல பயந்து ஆக்சிலேட்டரைச் சட்டுனு விட்டுட்டேன். எடை முன்னாடி சாய்ஞ்சு, பின் டயர் பிடிப்பு விட்டு, வால், அதாவது காரோட பின்பக்கம், வெளிய போச்சு. வழுக்குற பக்கமே ஸ்டியரிங்கைத் திருப்பினேன், அது சரிதான். திரும்ப நேராக்கத்தான் அரை நொடி லேட். கார் மறுபக்கம் வீசி, சுத்தி, புல்லுல போய் நின்னுச்சு. வண்டிக்கு ஒண்ணும் ஆகல, மானம்தான் போச்சு.

ஸ்விஃப்ட் மாதிரி முன்சக்கர இழுவை வண்டியில அப்போ லேசா ஆக்சிலேட்டர் கொடுக்கணும்னு தெரியும். கால் பிரேக்குக்குத்தான் ஓடுது. வால் திரும்புறதை இடுப்பாலேயே உணரணும்னு சொல்றாங்களே, எப்படிப் பழகினீங்க? காத்து முன் டயர்ல 32, பின் டயர்ல 36 பிஎஸ்ஐ வச்சிருந்தேன், அதுவும் காரணமா? தரையை நனைச்சு வழுக்கப் பழக்குற பயிற்சி கோவை, சென்னைப் பக்கம் இருக்கா? ராத்திரி பைபாஸ்ல பழகுனு மட்டும் சொல்லிடாதீங்க.