சுவரில் பதிக்கும் யூஎஸ்பி பாயிண்ட்: எதைப் பார்த்து வாங்குவது?

கேள்வி: படுக்கையறையில் பழைய பிளக் பாயிண்டை எடுத்துவிட்டு யூஎஸ்பி போர்ட் உள்ளதாக மாற்றலாம் என்று இருக்கிறேன். இரண்டு போன், ஒரு டேப்லெட், ராத்திரி முழுக்க சார்ஜில் கிடக்கும். மலிவானதை வாங்கப் பயமாக இருக்கிறது. எதைக் கவனிக்க வேண்டும்?

பதில் 1: பயம் நியாயமானதுதான். அதற்குள் இருப்பது ஒரு முழு சார்ஜர், மெயின் மின்சாரத்தை 5 வோல்ட்டாகக் குறைக்கும் வேலை காற்றோட்டமே இல்லாத சுவர்ப் பெட்டிக்குள் நடக்கிறது, இரண்டுக்கும் நடுவே இன்சுலேஷன் சரியில்லை என்றால் மெயின் மின்சாரம் போன் வரைக்கும் வந்துவிடும். பாதுகாப்புச் சான்று முத்திரை இல்லாததைத் தொடவே வேண்டாம். யூஎஸ்பிக்கும் சேர்த்து ஸ்விட்ச் இருந்தால் இன்னும் நல்லது.

பதில் 2: வாட் கணக்கையும் பாருங்கள். 5 வோல்ட், 2.4 ஆம்பியர் என்றால் மொத்தமே 12 வாட், அதையும் பல மாடல்களில் எல்லா போர்ட்டும் பங்கு போட்டுக்கொள்ளும். டேப்லெட்டுக்கு டைப் சி, பவர் டெலிவரி (அதிக வாட்டில் வேகமாக சார்ஜ் ஏற்றும் முறை) உள்ளதே சரி.

பதில் 3: முதலில் சுவர்ப் பெட்டியின் ஆழத்தை அளந்துவிடுங்கள். இவை சாதாரண பாயிண்டைவிடத் தடிமன், ஒயரை மடக்கி நசுக்கித் திணித்தால் அங்கேதான் சூடேறும். மாட்டிய பிறகு லேசான வெதுவெதுப்பு பரவாயில்லை, கருகல் வாடை வந்தால் உடனே மெயினை அணைத்துவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.