கேவிட்டேஷனுக்குத் தமிழ்ச்சொல்: குழிவா, குமிழியா?

கோவையிலிருந்து

அனைவருக்கும் வணக்கம். தொழிற்பயிற்சி மாணவர்களுக்கான பம்ப்அறைக் கையேடு ஒன்று வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ஓடிக்கொண்டிருக்கும் பம்பையும் வால்வையும் கழற்றாமலே நலம் பார்ப்பதுதான் பொருள். இரண்டு சொற்களில் நிற்கிறேன். முதலாவது கேவிட்டேஷன். இரண்டாவது, மூடிய வால்வு உள்ளுக்குள் 'பாஸ்' ஆவது, அதாவது மூடியிருந்தும் தண்ணீரை அப்பால் விடுவது.

கேவிட்டேஷனில் நடப்பது இதுதான். பம்புக்குள் சுழலும் சக்கரமான இம்பெல்லரின் கண்ணில், அதாவது நீர் நுழையும் நடுவாயில், அழுத்தம் மிகவும் இறங்குகிறது. 30 டிகிரித் தண்ணீர், தனி அழுத்தம் (முழு வெற்றிடத்தைச் சுழியமாக வைத்து அளப்பது) 0.43 மீட்டர் நீருயரத்துக்குக் கீழே போனால் அந்த வெப்பத்திலேயே கொதித்துக் குமிழியாகும். குமிழிகள் இம்பெல்லரின் இலைகளுக்கிடையே அழுத்தம் ஏறும் இடத்துக்கு வந்ததும் நொடியில் அழிகின்றன. உலோகத்தை ஒட்டி அழிபவை ஊசிபோல் நீரைப் பாய்ச்சி அதை அரிக்கின்றன.

'குழிவாக்கம்' என்று எழுதிவைத்திருக்கிறேன். மனம் ஒப்பவில்லை. "பம்பு கேவிட்டேட் ஆனால் டெலிவரி வால்வைச் சிறிது சிறிதாக மூடிப் பார்" என்ற வரியில் (டெலிவரி என்பது நீர் வெளியேறும் பக்கம்) அது உட்காரவே மறுக்கிறது.

நெய்வேலியிலிருந்து

வணக்கம் ஐயா. குழிவாக்கம் வேண்டாம். அது விளைவின் பெயர். குழி கண்ணுக்குத் தெரிய வேண்டுமானால் பம்பின் வெளிக்கூடான கேசிங்கைத் திறக்க வேண்டும். திறக்காமல் கண்டுபிடிக்கச் சொல்லும் பாடத்துக்குத் திறந்தால் மட்டும் தெரிவதைப் பெயராக வைத்தால், குழி விழாதவரை கேவிட்டேஷன் இல்லை என்று மாணவன் நினைத்துக்கொள்வான்.

ஓடும்போது கிடைக்கும் அடையாளங்கள் வேறு. கேசிங்குக்குள் ஜல்லி உருள்வதுபோல் ஒழுங்கில்லாத சத்தம். சக்ஷன், அதாவது உறிஞ்சு பக்கத்து, அழுத்தமானியின் முள் நடுங்கும். டெலிவரி அழுத்தமும் மோட்டார் ஆம்பியரும் நிலையாக நிற்காது. அதிர்வுப் பதிவின் வரைபடத்தில், நிமிடத்துக்கு 1480 சுற்று, ஆறு இலை என்றால் 148 ஹெர்ட்ஸில் இலைக்குரிய முனை முள்போல் தனியே தெரியும். கேவிட்டேஷன் அப்படி ஒற்றை முள்ளாக வராது. உயர் அதிர்வெண்களில் புல் முளைத்த தரைபோல் அடித்தளமே மேலெழும்.

அந்த டெலிவரி வால்வு வரியையும் முழுமையாக்குங்கள். மூடும்போது ஓட்டம் குறையும், சக்ஷன் குழாயின் உராய்வு இழப்பும் குறையும், பம்பு தன் வாயில் கேட்கும் அழுத்த உயரமும் குறையும். சத்தம் அடங்கினால் கேவிட்டேஷன். மூடமூடச் சத்தம் கூடினால் அது இம்பெல்லர் வாயில் நீர் திரும்பிச் சுழல்வது. அதற்கு வால்வைத் திறப்பதுதான் மருந்து. இரண்டும் இல்லாமல் டெலிவரி விக்கிவிக்கி வந்தால் காற்று இழுக்கிறது. தண்டைச் சுற்றிய அடைப்பான கிளாண்டிலும் குழாய்களின் ஃபிளாஞ்ச் இணைப்பிலும் தண்ணீர் ஊற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். ஊற்றிய கணம் சத்தம் மாறினால் ஓட்டை அங்கேதான். முழுக்க மூடி ஓடவிடக் கூடாது, உள்ளிருக்கும் தண்ணீர் சூடேறிவிடும்.

என் வாக்கு 'கேவிட்டேஷன்' என்றே எழுதுவதற்கு.

மதுரையிலிருந்து

ஐயா இருவருக்கும் வணக்கம். பொருள் விளங்கியது. ஆனால் சொல் இல்லாமலா போயிற்று நமக்கு?

நீர்க்குமிழிக்குப் பழைய சொல் மொக்குள். நாலடியாரில் 'படுமழை மொக்குளின் பல்காலும் தோன்றிக் கெடும்' என்று வருகிறது. தோன்றுவது, கெடுவது, பலகாலும் நிகழ்வது என்று நீங்கள் சொன்ன மூன்றும் அந்த அடியிலேயே இருக்கின்றன. குறளில் 'முகைமொக்குள்' என்னும்போது அது அரும்பு. உள்ளே வெளி வைத்துப் புடைத்தது எதுவும் மொக்குள்தான்.

இன்னும் ஒரு படி கீழே போவோம். பகரமும் மகரமும் ஒன்றுக்கொன்று நிற்கும். மொக்குளோடு பொக்குளை வைத்துப் பாருங்கள். பொக்குளம் எழுத்து நிலைமாறிக் கொப்புளம் ஆயிற்று, தசை சதையானதுபோல. பொக்கை, பொந்து, பொத்தல், பொள்ளல் எல்லாம் உள்ளீடற்றவை. பொளிதல் என்றால் உளியால் கொத்துதல். அரிபட்ட இம்பெல்லரின் படத்தைப் பார்த்தேன், அம்மி பொளிந்ததுபோலவே இருக்கிறது. 'பொள்ளென ஆங்கே புறம்வேரார்' என்ற குறளில் பொள்ளென என்பது சட்டென்று. ஆக, குமிழி, வெறுமை, குழி, கொத்துதல், திடீரென நிகழ்தல், இத்தனையும் பொள் என்ற ஒரே வேரில் அடங்குகின்றன. ஆங்கிலச் சொல்லுக்குக்கூட இந்த வளம் இல்லை. 'பொக்குளிப்பு' என்று வைப்போம். பம்பு பொக்குளிக்கிறது என்று வினையும் கிடைக்கும்.

நெய்வேலியிலிருந்து

ஐயா, வேர் அழகாக இருக்கிறது. ஆனால் பொக்குளிக்கிறது என்றால் மாணவன் காதில் வாய் கொப்புளிப்பதுதான் விழும். தொண்டையில் தண்ணீரும் மூச்சுக்காற்றும் கலந்து எழும் சத்தம் அது. பம்பில் அதற்கு இணையானது காற்று இழுப்பது. எந்த இரண்டைப் பிரித்தறியச் சொல்கிறோமோ அவற்றையே இந்தச் சொல் ஒட்டிவைத்துவிடும். சிறிதளவு காற்று உள்ளே போனால் கேவிட்டேஷனின் ஜல்லிச் சத்தம் தணியக்கூடச் செய்யும், குமிழி அழியும் வேகத்தைக் காற்று மெத்தைபோல் தாங்குவதால். எதிரெதிரான இரண்டுக்கு ஒரே ஓசையில் பெயர் வைப்பது ஆபத்து.

யாழ்ப்பாணத்திலிருந்து

வணக்கம். ஆங்கிலச் சொல்லும் இப்படி ஒரு தேவையில் பிறந்ததுதான். 1890களில் வேகமான கப்பல்களின் உந்துசுழலிகள் எதிர்பார்த்த தள்ளுவிசையைத் தரவில்லை. டேரிங் என்ற போர்க்கப்பலின் சோதனையைப் பற்றித் தோர்னிகிராஃப்டும் பார்னபியும் 1895இல் எழுதியபோது, ஃபுரூட் முன்வைத்த இந்தச் சொல்லைக் கையாண்டார்கள். அவர்கள் சொன்ன வெறுமை தண்ணீருக்குள் ஏற்படும் வெறுமை. உலோகத்தில் விழும் குழியை அந்தப் பெயர் குறிக்கவில்லை. ஆகவே 'குழிவாக்கம்' மூலத்தையே பிழையாக விளங்கிக்கொண்ட மொழிபெயர்ப்பு.

'வெற்றிடமாதல்' என்றும் எழுதுவார்கள். அதுவும் சரியில்லை. குமிழிக்குள் நீராவி இருக்கிறது, வெற்றிடம் இல்லை. அதனால்தான் வெப்பம் ஏறஏறப் பம்பிக்குச் சிக்கல் கூடுகிறது. 'ஆவிக்குமிழ்ப்பு' எப்படி?

திருச்சியிலிருந்து

வணக்கம். ஆவிக்குமிழ்ப்பு பம்போடு நின்றால் சரி. கட்டுப்பாட்டு வால்வுக்கு வந்தால் உடைந்துவிடும், ஏனென்றால் அங்கே ஃபிளாஷிங் என்று இன்னொன்று இருக்கிறது.

150 டிகிரித் தண்ணீர் 10 பார் (அழுத்த அலகு) தனி அழுத்தத்தில் வால்வுக்குள் நுழைகிறது என்று கொள்ளுங்கள். அந்த வெப்பத்தில் ஆவியழுத்தம், அதாவது தண்ணீர் கொதிக்கும் அழுத்தம், 4.76 பார். வால்வை அடைக்கும் பிளக்குக்கும் அது அமரும் சீட்டுக்கும் நடுவே ஓட்டம் ஒடுங்கும் இடத்தில் அழுத்தம் அதற்குக் கீழே இறங்கினால் குமிழி பிறக்கும். வால்வைத் தாண்டியபின் அழுத்தம் 6 பாருக்கு மீண்டால் குமிழிகள் அழியும், அது கேவிட்டேஷன். தாண்டியபின்னும் 3 பார்தான் என்றால் குமிழி அழியாது, ஆவியும் நீருமாகவே ஓடும், அது ஃபிளாஷிங். இரண்டிலும் ஆவி உண்டு, இரண்டிலும் குமிழ்ப்பு உண்டு. அரிப்பு மட்டும் வேறு: கேவிட்டேஷன் பட்ட பிளக் நிலக்கரிச் சாம்பல் கட்டிபோல் சொரசொரப்பாக இருக்கும், ஃபிளாஷிங் பட்டது மணல் தேய்த்ததுபோல் வழவழப்பாக இருக்கும். மருந்தும் வேறு. முன்னதற்கு அழுத்தத்தைப் படிப்படியாக இறக்கும் பலகட்ட டிரிம் (பிளக்கும் சீட்டுமான உட்பாகங்கள்) போடலாம். பின்னதை எந்த டிரிமாலும் நிறுத்த முடியாது, கடினமான உலோகமும் அகலமான வெளிக்குழாயும்தான் வழி.

பிரித்துக் காட்டுவது குமிழியின் சாவு. பெயரில் அது வந்தாக வேண்டும். 'குமிழ்முறிவு' என்கிறேன். ஃபிளாஷிங்குக்கு 'திடீராவி'.

மதுரையிலிருந்து

அம்மா, முறிவது கிளையும் எலும்பும். தமிழில் குமிழி உடையும், ஒருநாளும் முறியாது. மேலும் கையேடு முழுவதும் வால்வு, வால்வு என்று வருகிறதே, 'ஓரதர்' என்ற நல்ல சொல் இருக்க? அதர் என்றால் வழி. பம்புக்கு 'எக்கி'யும் இருக்கிறது.

திருச்சியிலிருந்து

ஐயா, ஓர் அதர் என்றால் ஒருவழி. உறிஞ்சு குழாயின் அடியிலுள்ள ஃபுட் வால்வுக்கும் திரும்பாவகை வால்வுக்கும் அது கச்சிதம். கேட் வால்வில் தண்ணீர் இரு பக்கமும் போகும், பாதுகாப்பு வால்வின் வேலையே வேறு. ஒரு வகையின் பெயரை இனம் முழுவதற்கும் வைத்தால், பொருத்தும் திசைக்கு அம்புக்குறி பார்க்க வேண்டிய வால்வு எது, பார்க்க வேண்டாதது எது என்று சொல்லும்போது இடறும்.

முறிவைப் பற்றி நீங்கள் சொன்னது சரி. ஆனால் உடைவது என்றால் வெளிநோக்கிச் சிதறுவதாகத் தோன்றுகிறது. இங்கே குமிழியின் சுவர் நாலாபக்கமும் உள்நோக்கிப் பாய்கிறது. ஒடுங்குதல் என்றால் மென்மையாகிவிடும், நொறுங்குதல் திடப்பொருளுக்கு, அமுங்குதல் பாதியில் நிற்பது. 'உள்ளுடைவு'?

கோவையிலிருந்து

உள்ளுடைவு என்றால் கேசிங்குக்குள் ஏதோ உடைந்ததாக ஆகிவிடும் அம்மா. பயந்து பம்பை நிறுத்திவிடுவான்.

நெய்வேலியிலிருந்து

கையேட்டின் கணக்கையும் பார்த்தேன், அதில் ஒரு திருத்தம். காற்றழுத்தம் 10.3 மீட்டர், ஆவியழுத்தம் 0.4, நீர்மட்டத்திலிருந்து பம்பு வரை உறிஞ்சு உயரம் 5, உராய்வு 1.5, மிச்சம் 3.4 என்று இருக்கிறது. பம்பு கேட்பது 3. ஆனால் கோவை கடல்மட்டத்துக்கு 400 மீட்டருக்கு மேல். அங்கே காற்றழுத்தம் ஏறக்குறைய 9.8 மீட்டர்தான். மிச்சம் 2.9 ஆகிவிடும். நெய்வேலியில் ஓடும் அதே பொருத்தம் கோவையில் ஜல்லி உருட்டும். 60 டிகிரித் தண்ணீர் என்றால் ஆவியழுத்தமே 2 மீட்டர், எங்கேயும் ஓடாது. உறிஞ்சு பக்கத்து வடிகட்டியான ஸ்ட்ரெய்னர் அடைத்தாலும் இதே கதி. அதனால் சத்தம் கேட்டதும் முதலில் பார்க்க வேண்டியது ஸ்ட்ரெய்னர்.

இன்னொன்று. இந்த மிச்சத்தை 'நிகர நேர் உறிஞ்சு தலை' என்று எழுதியிருக்கிறீர்கள். தலையை எடுத்துவிடுங்கள். உயரம் என்றாலே விளங்கும்.

இனி பாஸ் ஆவது. 'கசிவு' போதாது. கசிவு என்றால் கிளாண்டிலோ ஃபிளாஞ்சிலோ வெளியே சொட்டுவது, பார்த்தாலே தெரியும். பாஸ் ஆவது வெளியே தெரியாது. சூடான குழாய் என்றால் மூடிய வால்வுக்கு அப்பால் அது ஆறவில்லையா என்று வெப்பம் பார்க்கலாம். குளிர்ந்த குழாய்க்கு மீயொலிக் கருவி, 25 கிலோஹெர்ட்ஸ் அளவில் வைத்து நாலு புள்ளி. வால்வுக்கு முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு. பின்னால் வால்வை ஒட்டிய மூன்றாவது புள்ளி முன்னிரண்டைவிட ஓங்கி ஒலித்தால் பாஸ் ஆகிறது. நாலாவது புள்ளி மூன்றாவதையும் மிஞ்சினால் சத்தம் வேறெங்கிருந்தோ குழாய்வழி வருகிறது, வால்வைக் குற்றம் சொல்லக் கூடாது. நாலு புள்ளிக்கும் கருவியின் உணர்திறன் ஒன்றாகவே இருக்க வேண்டும். நடுவில் திருகிவிட்டால் ஒப்பீடே பொய்.

யாழ்ப்பாணத்திலிருந்து

அதற்கு 'ஊடுகசிவு' என்று போடலாமே. மூடிய இடத்தின் ஊடாகக் கசிவது. 'உட்கசிவு' என்றால் பம்பியின் தேய்வளையத்தைச் சுற்றி உள்ளேயே திரும்பி ஓடுவதோடு குழம்பும்.

திருச்சியிலிருந்து

ஊடுகசிவு நன்றாக இருக்கிறது. அளவும் சேர்த்தால் சொல் உறுதிப்படும். கட்டுப்பாட்டு வால்வு புதிதாக இருக்கும்போதே அனுமதிக்கப்பட்ட ஊடுகசிவு உண்டு. கசிவளவை வைத்து வால்வுகளை வகுப்புகளாகப் பிரிப்பார்கள்: நான்காம் வகுப்புக்கு முழுத் திறப்பு ஓட்டத்தில் 0.01 விழுக்காடு. ஆறாம் வகுப்பில் இரண்டு அங்குல வால்வுக்கு சோதனையில் நிமிடத்துக்கு மூன்று காற்றுக்குமிழி. எல்லா வால்வும் துளிகூட விடாது என்று மாணவன் நம்பக் கூடாது.

கோவையிலிருந்து

எல்லோருக்கும் நன்றி. வியாழன் இரவாகிவிட்டது. நான் எடுத்த முடிவு இது.

தலைப்பிலும் சொல்லடைவிலும் 'குமிழியுடைவு'. முதலில் வரும் இடத்தில் மட்டும் 'கேவிட்டேஷன் எனப்படும் குமிழியுடைவு'. உள்நோக்கி உடைகிறது என்பதைச் சொல்லில் ஏற்றாமல் படத்தில் காட்டிவிட்டேன். என்னை இதன் பக்கம் சாய்த்தது மதுரை ஐயாவின் 'குமிழி உடையும்' என்ற ஒரு வரி. பெயர்ச்சொல்லை எடுத்துவிட்டாலும் 'பம்பில் குமிழி உடைகிறது' என்று முழு வாக்கியம் நிற்கிறது. பம்பருகே நின்று ஒருவன் இன்னொருவனிடம் கத்திச் சொல்லவும் முடியும். ஃபிளாஷிங்குக்குத் 'திடீராவி', பாஸ் ஆவதற்கு 'ஊடுகசிவு'. வால்வும் பம்பும் அப்படியே இருக்கும். காற்றழுத்தக் கணக்கைக் கோவைக்கு மாற்றிவிட்டேன்.

நெய்வேலியிலிருந்து

எனக்குச் சம்மதம், ஒரு குறையோடு. உற்பத்தியாளர் அட்டவணையில் தரும் தேவை உயரம் (பம்பு கேட்பது என்றேனே, அது), பம்பு தண்ணீரை ஏற்றும் மொத்த உயரம் 3 விழுக்காடு விழும் புள்ளியில் அளந்தது. குமிழி அதற்கு வெகு முன்பே உடையத் தொடங்கிவிடும். 'குமிழி உடைகிறதா, இல்லையா' என்று கேட்டால் பல பம்புகளில் 'உடைகிறது, ஆனால் கெடுதல் இல்லை' என்பதே விடை. அதை ஓர் அடிக்குறிப்பாகவாவது சேருங்கள். வேலைத்தளத்தில் நாங்கள் கேவிட்டேஷன் என்றுதான் சொல்வோம்.

மதுரையிலிருந்து

குமிழியுடைவு அச்சேறட்டும், தடையில்லை. ஆனால் கெடுதல் இல்லாத உடைவு, கெடுக்கும் உடைவு என்று இரண்டு இருப்பதை நெய்வேலி ஐயா இப்போதுதான் சொல்கிறார். உலோகத்தைக் கொத்துவது எதுவோ அதற்கு மட்டும் 'பொளிவு' என்ற சொல்லை ஒதுக்கிவையுங்கள். 'குமிழி உடைகிறது, இன்னும் பொளியவில்லை' என்று எழுதலாம். அடுத்த பதிப்பில் இதைக் கேட்பேன்.