டீசலை வாயால் உறிஞ்சியதில் உள்ளே போய்விட்டது, என்ன செய்வது?

மன்னார்குடி விவசாயி:
குறுவைக்குத் தண்ணீர் பத்தாமல் டீசல் இன்ஜின் ஓட்டுகிறோம். அண்ணன் கேனில் டியூப்பை விட்டு வாயால் உறிஞ்சித்தான் டேங்குக்கு இறக்குவார். இன்று காலை ஒரு வாய் உள்ளே போய்விட்டது, இருமல் நிற்கவே இல்லை. உப்புத்தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்கச் சொல்கிறார் அம்மா. செய்யலாமா?

கும்பகோணம் நர்ஸ்:
வாந்தி மட்டும் எடுக்க வைக்காதீர்கள்! வயிற்றில் போன டீசலைவிட நுரையீரலுக்குள் போகும் சில சொட்டுதான் ஆபத்து, வாந்தி எடுக்கும்போது அது மறுபடி மூச்சுக்குழாயில் இறங்கி நிமோனியா மாதிரி வீக்கத்தைக் கொண்டுவரும். இருமல் நிற்கவில்லை என்றாலே கொஞ்சம் இறங்கியிருக்கிறது என்று அர்த்தம். உடனே அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள், மூச்சு வாங்கினால் 108. காய்ச்சலும் மூச்சுத்திணறலும் சில மணி நேரம் கழித்தும் வரும், அதனால் இப்போது நன்றாகப் பேசுகிறாரே என்று விட்டுவிடாதீர்கள்.

திருவாரூர் மெக்கானிக்:
அக்கா சொன்னதுதான் சரி, முதலில் கிளம்புங்கள். அப்புறம் கையையும் பாருங்கள் தம்பி. டீசல் தோலில் இருக்கும் எண்ணெய்ப்பசையை எடுத்துவிடும், விரல் இடுக்கெல்லாம் வெடித்து அரிக்கும். கிரீஸ் போகப் பெட்ரோலில் கை கழுவுவது அதைவிட மோசம், அதில் பென்சீன் இருக்கிறது, வருஷக்கணக்கில் பட்டுக்கொண்டே இருந்தால் ரத்தப் புற்றுநோய் வரைக்கும் போகலாம். சோப்பு போதும்.

மன்னார்குடி விவசாயி:
ஆட்டோ வந்துவிட்டது, கிளம்பிவிட்டோம்.

திருவாரூர் மெக்கானிக்:
நல்லது. டீசல் இறக்கக் கையால் அமுக்கும் பம்ப் ஹார்டுவேர் கடையில் கிடைக்கும், விலையும் அதிகமில்லை. டீசலைத் தண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைத்திருந்தால் அதையும் மாற்றிவிடுங்கள், வீட்டில் பிள்ளைகள் இருப்பார்கள்.