சின்ன ஆர்சி டிரக்: எதை முதலில் மாற்றினீர்கள்?

1/24 அளவு கிராலர் (பாறை ஏறும் ஆர்சி, அதாவது ரிமோட் கன்ட்ரோல் வண்டி) ஒன்றை ஒன்றரை வருடமாக ஓட்டிக்கொண்டிருக்கிறேன். கொஞ்சம் செலவிலேயே பெரிய வித்தியாசம் தெரியும் என்பதுதான் இந்தச் சின்ன வண்டிகளில் எனக்குப் பிடித்தது. எதற்குச் செலவு செய்வது என்பதில்தான் ஆரம்பத்தில் தவறிவிட்டேன். அதைச் சொல்கிறேன், நீங்களும் உங்கள் அனுபவத்தை எழுதுங்கள்.

முதலில் நான் மாற்றியது மோட்டாரை. மேடு ஏறாமல் நிற்கும்போதெல்லாம் இழுவை போதவில்லை என்றே நினைத்தேன். வேகமான மோட்டார் போட்டதும் அதே கல்லில், அதே இடத்தில், முன்னைவிடச் சீக்கிரமாக மல்லாந்தது. ஒரு நாள் தரையோடு தரையாகப் படுத்துக்கொண்டு பார்த்தேன். நான்கு சக்கரமும் சுற்றிக்கொண்டுதான் இருந்தன. முன் டயர்கள் கல்லைத் தொட்டும் தொடாமலும் வழுக்கிக்கொண்டிருந்தன. மோட்டாரில் குறையே இல்லை, முன்பக்கத்தில் எடைதான் இல்லை.

ஒரு சின்னக் கணக்கு போட்டால் விஷயம் புரியும். அளவு 24-இல் ஒரு பங்காகக் குறைந்தால் எடை 24 × 24 × 24, அதாவது 13,824-இல் ஒரு பங்காகக் குறையும். இரண்டு டன் ஜீப்பை அப்படியே சுருக்கினால் சுமார் 145 கிராம்தான் வரும். நம் வண்டிகள் அதைவிடக் கனம் என்றாலும் எல்லாமே சில நூறு கிராமுக்குள் அடங்கிவிடும். அதனால் இங்கே 20 கிராம் என்பது பெரிய எடை. அது எந்த இடத்தில் உட்காருகிறது என்பது அதைவிடப் பெரிய விஷயம்.

அடுத்து நான் செய்ததற்குச் செலவே இல்லை. பின்னால் இருந்த பேட்டரியை இரட்டைப் பக்க டேப்பால் முன் ஆக்சிலுக்கு நேர் மேலே, எவ்வளவு தாழ்வாக முடியுமோ அவ்வளவு தாழ்வாக ஒட்டினேன். வயரை மட்டும் கொஞ்சம் நீட்ட வேண்டியிருந்தது. அதுவரை ஏறாத கல்லில் அன்றைக்கே ஏறியது. அப்புறம்தான் பித்தளை நக்கிளும் (முன் சக்கரம் திரும்பும் மூட்டு) முன் டிஃப் மூடியும் (ஆக்சிலில் உள்ள கியர் பெட்டியின் மூடி) வாங்கினேன். இரண்டும் ஆக்சிலோடு இருப்பவை, ஸ்பிரிங்குக்குக் கீழே இருப்பவை. அதே எடையைச் சேஸிஸுக்கு மேலே வைத்திருந்தால் பக்கச் சரிவில் வண்டியை உருட்டிவிட்டிருக்கும். ஒரு பலகையில் வண்டியைக் குறுக்காக நிறுத்தி, மெல்லத் தூக்கி, மொபைலில் கோணம் பார்த்தேன். முன்பு 38 டிகிரியில் உருண்டது 44 வரை நின்றது. எதை வாங்கினாலும் இந்தச் சோதனையை முன்னும் பின்னும் செய்யுங்கள். மாற்றம் உண்மையா, நம் ஆசையா என்று தெரிந்துவிடும்.

டயரை அவசரப்பட்டு மாற்ற வேண்டாம். உள்ளே இருக்கும் ஃபோமை முதலில் அழுத்திப் பாருங்கள். என்னுடையது கட்டை மாதிரி இருந்தது. ஓரத்தைக் கத்தரியால் சுற்றிலும் சரிவாக நறுக்கியதும் டயர் கல்லைக் கவ்வ ஆரம்பித்தது. ரிம்மில் டயரை ஒட்டியிருந்தால் இது முடியாது. அப்போது மென்மையான ரப்பரில் வரும் டயர் செட்டுக்குச் செலவு செய்யலாம், வீண் போகாது.

மோட்டார் விஷயத்தில் ஒன்று. எஸ்சிஎக்ஸ்24 என்ற சின்னக் கிராலரில் வருவது 88 டர்ன் மோட்டார், டிஆர்எக்ஸ்-4எம் என்பதில் 87 டர்ன். டர்ன் என்பது மோட்டாருக்குள் கம்பி எத்தனை சுற்று என்பது; அது கூடக் கூட வேகம் குறையும், கரண்டும் குறைவாக இழுக்கும். பாறை ஏறும் வண்டிக்கு அந்த நிதானம்தான் வேண்டும் என்பதை நான் மோட்டார் வாங்கிய பிறகுதான் படித்தேன்.

*

அண்ணா, பேட்டரியை முன்னால் கொண்டுபோவது பற்றிச் சொன்னதற்கு நன்றி. நேற்றே செய்து பார்த்தேன், நல்ல வித்தியாசம்.

என் அனுபவம் சர்வோவில், அதாவது முன் சக்கரங்களைத் திருப்பும் சின்ன மோட்டாரில். நக்கிள், டயர் எல்லாம் கனமானதும் பழைய சர்வோவால் சக்கரத்தைத் திருப்ப முடியவில்லை. மெட்டல் கியர் சர்வோ ஒன்று வாங்கிப் போட்டேன். இரண்டு கல்லுக்கு நடுவில் சக்கரம் மாட்டிக்கொண்டபோது திருப்பினால் வண்டி மொத்தமும் அணைந்து மறுபடி உயிர் வரும். ரிமோட்டின் சிக்னலை வாங்கும் ரிசீவர்தான் கெட்டுவிட்டது என்று பயந்துவிட்டேன். சர்வோ அசைய முடியாமல் நிற்கும்போது அதிகக் கரண்ட் இழுக்கிறது, இஎஸ்சிக்குள் (மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் சர்க்யூட்) இருக்கும் பிஇசியால் (சர்வோவுக்கும் ரிசீவருக்கும் கரண்ட் கொடுக்கும் பகுதி) அதைக் கொடுக்க முடியவில்லை, வோல்டேஜ் விழுந்ததும் ரிசீவர் அணைந்துபோகிறது. தனியாக ஒரு சின்ன பிஇசி போட்டதும் சரியாகிவிட்டது. சர்வோ வாங்குகிறவர்கள் இதையும் சேர்த்தே கணக்குப் போடுங்கள்.

இன்னொன்று: முதலில் பவர் போட்டு சர்வோவை நடுவில் நிற்கவிட்டு, அதற்கப்புறம் ஹார்னை (சர்வோ ஷாஃப்டில் பொருத்தும் சின்னக் கை) மாட்டுங்கள். ஹார்னின் பல் எண்ணிக்கையும் சர்வோ ஷாஃப்டின் பல் எண்ணிக்கையும் ஒன்றாக இருக்க வேண்டும். கிட்டத்தட்டப் பொருந்துகிறதே என்று அழுத்தினால் பல் தேய்ந்துவிடும்.

*

என்னுடையது 1/16, பொம்மை ரகத்துக்கு ஒரு படி மேலே. இலைப்பட்டை ஸ்பிரிங். நான்கு பக்கமும் ஒவ்வொரு பட்டையைக் கழற்றியதும் சக்கரம் மேடுபள்ளத்தோடு இறங்கி ஏறியது. அதற்குச் செலவு எதுவும் ஆகவில்லை.

வாங்கியதில் உருப்படியானது பேரிங். டிரைவ் ஷாஃப்டைக் கழற்றிவிட்டு ஆக்சிலை விரலால் சுற்றிப் பார்த்தேன், பிளாஸ்டிக் புஷ் (பேரிங்குக்குப் பதிலாக இருக்கும் வளையம்) கரகரவென்று பிடித்தது. உள்விட்டம், வெளிவிட்டம், தடிமன் மூன்றையும் அளந்து அதே அளவில் பேரிங் போட்டேன். பேட்டரி கூடுதல் நேரம் நிற்கிறது, மோட்டாரும் முன்போலச் சுடுவதில்லை. சில வண்டிகளில் ஏற்கெனவே பேரிங்தான் இருக்கும், திறந்து பார்த்துவிட்டு வாங்குங்கள்.

மெட்டல் டிரைவ் ஷாஃப்ட் மட்டும் யோசித்துப் போடுங்கள். எனக்கு ஷாஃப்ட் தாங்கியது, ஆக்சிலுக்குள் இருந்த பிளாஸ்டிக் கியரின் பல் போய்விட்டது. முன்பு சீக்கிரம் மாற்றக்கூடிய ஒரு பாகம் உடையும், இப்போது ஆக்சில் முழுவதையும் பிரிக்க வேண்டியிருக்கிறது.

ஒரு கேள்வி அண்ணா. மோட்டாரை விட்டுவிட்டு பினியனை (மோட்டார் ஷாஃப்டில் இருக்கும் சின்ன கியர்) மட்டும் சிறியதாக்கினால் போதுமா?

*

போதும் தம்பி, நானும் கடைசியில் அதைத்தான் செய்தேன். பழைய மோட்டாரைத் திரும்பப் போட்டு 10 பல் பினியனை 8 பல்லாக்கினேன். வேகம் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது, இழுவை கால் பங்கு கூடியது. ஆனால் மோட்டாரை நகர்த்த முடிகிற நீள்துளை உங்கள் மவுண்டில் இருக்கிறதா பாருங்கள். துளை நிலையாக இருந்தால் சிறிய பினியன் ஸ்பரை (பினியன் சுற்றிவிடும் பெரிய கியர்) எட்டாது, பல் நுனியில் ஏறிக் குதிக்கும். துளை நீளமாக இருந்தால் இரண்டு கியருக்கும் நடுவில் ஒரு துண்டு நோட்டுத் தாளை வைத்து, மோட்டாரை அழுத்திப் பிடித்து ஸ்க்ரூவை இறுக்குங்கள். தாளை உருவும்போது அது கிழியாமல், பல் அச்சு மடிப்பு மடிப்பாக விழுந்து வந்தால் இடைவெளி சரி.