நம்ம வீட்டுப் பெண்கள் (குழு)

திங்கள்

நான்: பாப்பாவுக்கு நேற்றோடு 48 நாள். தலையை வலது தோள் பக்கம் சாய்த்துக்கொண்டு, முகத்தை இடப்பக்கமே திருப்பி வைத்திருக்கிறாள். இன்று குளிப்பாட்டும்போது வலது கழுத்தில் கொட்டைப்பாக்கு அளவுக்கு ஒரு கட்டி கையில் தட்டுப்பட்டது. நம் வீட்டில் யாருக்காவது இப்படி இருந்ததா?

பெரியம்மா: கழுத்து சுளுக்கி உரம் விழுந்திருக்கும் கண்ணு. பழைய புடவையில் போட்டு நாலு உருட்டு உருட்டினால் சரியாகிவிடும். காலையில் வருகிறேன்.

அக்கா (புதுவை): அம்மா, தயவுசெய்து உருட்ட வேண்டாம். கட்டி இருக்கிறது என்கிறாள். உன் பேரன் கால் வளைந்து பிறந்தபோதும் எண்ணெய் போட்டு நீவினால் நேராகும் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். ஜிப்மரில் வாரம் ஒரு மாவுக்கட்டு, மொத்தம் ஐந்து. குதிகால் தசைநாரில் சின்னதாக ஒரு வெட்டு. அப்புறம் கம்பி வைத்த ஷூ, நாலு வயது வரை ராத்திரியில் அதோடுதான் தூங்கினான். இப்போது ஓடுகிற ஓட்டத்தைப் பார்க்கிறாயே.

நான்: போன வாரமே ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் கேட்டேன் அக்கா. தொட்டுக்கூடப் பார்க்காமல், தலை நின்றதும் தானாகச் சரியாகும், ஆறு மாதம் கழித்து வா என்றார்கள்.

அக்கா (புதுவை): ஆறு மாதமெல்லாம் வேண்டாம். மூன்று மாதத்துக்குள் ஆரம்பித்தால் பெரும்பாலும் பயிற்சியிலேயே சரியாகிவிடும். நாளைக்கே கடலூர் அரசு தலைமை மருத்துவமனைக்குப் போ. 2013-ல் ஆர்.பி.எஸ்.கே. என்று குழந்தைகளின் உடல்நலத்துக்காக ஒரு அரசுத் திட்டம் வந்தது, பிறந்ததிலிருந்து 18 வயது வரை பார்ப்பார்கள், இலவசம். குழந்தை டாக்டரிடம் காட்டிவிட்டு பிசியோதெரபி எங்கே என்று கேள். இடுப்பு மூட்டையும் பார்க்கச் சொல். கழுத்து இப்படி இருக்கிற சில குழந்தைகளுக்கு இடுப்பிலும் கோளாறு இருக்கும்.

செவ்வாய்

நான்: போய் வந்தோம். இடுப்பு நன்றாக இருக்கிறது. கழுத்தில் காதுக்குப் பின்னாலிருந்து நெஞ்செலும்பு வரை ஒரு தசை ஓடுகிறதாம், வலப்பக்கம் அது இறுகிக் குறுகிவிட்டது. கட்டியும் அந்தத் தசையில்தான், போகப்போகக் கரைந்துவிடும் என்றார்கள். பிசியோ அம்மா பாப்பாவின் தாடையை மெல்லத் தூக்கிக் காட்டினார். மடிப்புக்குள் பால் வழிந்து ஊறி, சிவந்து போயிருந்தது. தினமும் குளிப்பாட்டுகிற நான் அதைப் பார்க்கவே இல்லை. பின்மண்டையில் இடப்பக்கம் தட்டையாகவும் ஆகியிருக்கிறது.

சித்தி (நெல்லிக்குப்பம்): அடடா, பச்சைப் பிள்ளை. என்ன செய்யச் சொன்னார்கள்?

நான்: ஒரு கை வலது தோளை அமர்த்திப் பிடிக்கணும், இன்னொரு கை முகத்தை வலப்பக்கம் மெல்லத் திருப்பி 30 எண்ணும் வரை பிடிக்கணும். அப்புறம் இடது காது இடது தோளைத் தொடுகிற மாதிரி சாய்க்கணும். அவள் எதிர்த்தால் விட்டுவிட வேண்டும். என் கையைப் பிடித்தே நாலு முறை செய்ய வைத்தார். விழித்திருக்கும்போது குப்புறப் போடணும், கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து ஒரு நாளைக்கு அரை மணி நேரம். தூங்கும்போது மட்டும் மல்லாக்கத்தான். தூளியில் அதிக நேரம் விட வேண்டாம் என்றார்.

இதைக் கேளுங்கள், இடது மார்பில் அவள் வாய் வைக்கவே மாட்டாள். அந்தப் பக்கம் எனக்குப் பால் இல்லை என்று ஒரு மாதமாக அழுதுகொண்டிருந்தேன். மடியில் போட்டு அந்தப் பக்கம் குடிக்க அவள் வலப்பக்கம் திரும்ப வேண்டும், கழுத்து விடவில்லை. அவ்வளவுதான்!

பெரியம்மா: தெரியாமல் உருட்டியிருப்பேனே. கிலுகிலுப்பையை இனி வலப்பக்கமே ஆட்டுகிறேன்.

நான்: அதைத்தான் பெரியம்மா அவரும் சொன்னார். வெளிச்சம், பொம்மை, நம் முகம் எல்லாம் வலப்பக்கம். அடுத்து வியாழக்கிழமை வரச் சொன்னார்.

இன்னொன்று. இது பெண்கள் குழு என்பதால் சொல்கிறேன். தும்மினால், சிரித்தால் எனக்குக் கொஞ்சம் சிறுநீர் கசிகிறது. அதையும் கேட்டுவிட்டேன். பிரசவத்தில் இடுப்புக்கு அடியில் இருக்கிற தசை தளர்ந்துவிடுமாம். சிறுநீரையும் காற்றையும் அடக்குகிற மாதிரி உள்ளே இழுத்து ஐந்து எண்ணணும், முழுவதும் தளர்த்தி ஐந்து எண்ணணும். பத்து முறை, ஒரு நாளைக்கு மூன்று வேளை, மூன்று மாதமாவது. மூச்சை மட்டும் பிடிக்கக் கூடாது. வயிற்றில் துணியை இறுக்கிக் கட்டினால் அழுத்தம் கீழேதான் இறங்கும், தளர்த்துங்கள் என்றார்.

சித்தி (நெல்லிக்குப்பம்): இதற்கு வைத்தியம் உண்டா?

நான்: உண்டு சித்தி. ஏன்?

சித்தி (நெல்லிக்குப்பம்): எனக்குச் சின்னவன் பிறந்ததிலிருந்து இருக்கிறது. 22 வருடம். கல்யாண வீட்டுக்குப் போனால் தண்ணீரே குடிக்க மாட்டேன். பிள்ளை பெற்றால் இப்படித்தான் என்று நினைத்துவிட்டேன்.

அக்கா (புதுவை): சித்தி, ஏன் யாரிடமும் சொல்லவில்லை? இப்போது ஆரம்பித்தாலும் பலன் இருக்கும். முதலில் டாக்டர் ஒருமுறை பார்க்கட்டும்.

நான்: வியாழக்கிழமை என்னோடு வாருங்கள் சித்தி. நானே கூட இருந்து காட்டுகிறேன்.

சித்தி (நெல்லிக்குப்பம்): எட்டு மணி பஸ் பிடிக்கிறேன். திருப்பாதிரிப்புலியூர் பஸ் நிலையத்தில் நில். சித்தப்பாவிடம் பாப்பாவைப் பார்க்கப் போகிறேன் என்று சொல்லிக்கொள்கிறேன்.