புதுப்பிப்பு: அப்பாவின் ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட், ஷார்ஜா விசிட் விசா – முடிஞ்சதுங்க

பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றிங்க. கேட்டது இதுதான்: அப்பா பாஸ்போர்ட்டில் சர்நேம் கட்டம் காலி, அதோடு விசிட் விசா கிடைக்குமா?

2022 நவம்பர் 21 முதல் ஒற்றைப் பெயருக்கு அமீரகம் விசிட் விசாவில் அனுமதி தருவதில்லை. கடைசிப் பக்கத்தில் தகப்பனார் பெயர் இருந்தால் போதும் என்று சிலர் சொன்னீங்க. அதை மட்டும் நம்பி விண்ணப்பிக்க முடியாது என்று டிராவல்ஸ்காரர் மறுத்துட்டார். வேலை செய்தது, பாஸ்போர்ட்டையே மாற்றச் சொன்ன யோசனை.

முதலில் ஆதார். 'ப.' என்ற இனிஷியலை 'பழனிசாமி' என்று விரித்தோம். பாஸ்போர்ட்டில் இனிஷியல் எடுபடாது. பிறகு பாஸ்போர்ட் மறுவெளியீடு (ரீஇஷ்யூ), காரணம் 'விவரங்களில் மாற்றம்', சர்நேமில் தாத்தா பெயர். 36 பக்க பாஸ்போர்ட்டுக்குக் கட்டணம் ₹1,500. கோவை அவிநாசி ரோடு பாஸ்போர்ட் சேவை மையத்தில் அசல் சான்றுகளை எழுத்தெழுத்தாக ஒப்பிட்டார்கள்.

எதிர்பாராத சிக்கல் ஆங்கில எழுத்துக்கூட்டல். நம்ம பக்கம் ஒரே ஆள் ஒரு சான்றில் 'சாமி', இன்னொன்றில் 'சுவாமி'. அதை விண்ணப்பிக்கும் முன்பே சரிசெய்யுங்க. டிக்கெட்டைப் புது பாஸ்போர்ட் கைக்கு வந்த பிறகே போடுங்க. பெயர் திருத்த விமான நிறுவனம் தனியாகக் காசு கேட்கும்.

பழைய பாஸ்போர்ட்டில் செல்லுபடியாகும் வேறு விசா இருந்தால் இரண்டையும் சேர்த்தே கொண்டுபோகணும்.