பழைய அச்சு: தூண்டில் குண்டா, தோட்டாவா?

சுங்கை சிப்புட் சந்தையில் பழைய சாமான் விற்பவரிடம் 15 ரிங்கிட்டுக்கு ஓர் இரும்பு அச்சு வாங்கினேன், இரண்டு பாதி, மரப்பிடி, உள்ளே நாலு குழி. தூண்டிலுக்கு ஈயக்குண்டு வார்க்கலாமா?

பதில்: அண்ணே, குழி நடுவே கம்பி வைக்க மெல்லிய பள்ளம் ஓடினால் தூண்டில் அச்சுதான். குழிக்குள் வளையம் வளையமாக வரி, மேலே நகரும் தகடு என்றிருந்தால் தோட்டா அச்சு, வைத்துக்கொள்ளாதீர்கள், போலீஸ் நிலையத்தில் சொல்லிவிடுங்கள்.

கேட்டவர்: பள்ளம் இருக்கிறது, அப்பாடா!

இன்னொருவர்: சரி, முதலில் விளக்குப் புகையில் குழியைக் கருக்கி அச்சைச் சூடாக்குங்கள், ஆறிய அச்சில் குண்டு சுருக்கம் சுருக்கமாகத்தான் வரும். ஈயம் 327 டிகிரியில் உருகும். அதில் ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தாலும் வெடித்துத் தெறிக்கும், என் முழங்கையில் இன்னும் தழும்பு இருக்கிறது. வெளியே காற்றோட்டமாக வார்த்துவிடுங்கள், பிள்ளைகளைப் பக்கத்தில் விடவே வேண்டாம்.